எதையும் மறக்காத விமானம்

பம்பரத்துக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. பள்ளிக்கூட அடையாள அட்டையில் அது அழகாக அச்சாகியிருக்கிறது. ஆனால் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டதில்லை. உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் உடம்பு ஆடும். தூங்கினால் தலையணை கட்டிலின் மறுமுனைக்குப் போய்விடும். அப்படிப்பட்ட பெண்ணைப் பம்பரம் என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவது?

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் எல்லோருமே பம்பரமாகத்தான் இருந்தார்கள். அம்மா மடித்து வைத்த சட்டையையே எடுத்து மறுபடி மடித்தாள். சித்தப்பா கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். அப்பா ஒரே பெட்டியை மூன்றாவது முறை தூக்கி, "கனமா இருக்கோ?" என்று கேட்டார்.

எல்லாவற்றுக்கும் காரணம் கடுகு.

கடுகு, சித்தியின் மகன். வயது ஆறு. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். இந்தக் கடுகின் காரம் போன வாரம் விமானத்தில் தெரிந்தது.

சித்திக்குக் கடல் தாண்டிய ஒரு ஊரில் வேலை கிடைத்திருந்தது. அவள் முன்னால் போய்விட்டாள். சித்தப்பாவும் கடுகும் பின்னால் போக வேண்டும். போன வாரம் இருவரும் விமானத்தில் ஏறி, பெல்ட்டெல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். கதவை மூடப்போகும் நேரத்தில் கடுகு "வீல்" என்று கத்தினான். பெல்ட்டைக் கழற்றிவிட்டு வாசலுக்கு ஓடினான். யார் பிடித்தும் நிற்கவில்லை, யார் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் இரண்டு பேரையும் இறக்கிவிட்டுத்தான் விமானம் கிளம்பியது. அங்கே, கையில் பலூனோடு காத்திருந்த சித்தி, பலூனோடேயே வீட்டுக்குத் திரும்பினாள்.

நாளை மதியம் மறுபடியும் டிக்கெட்.

"இந்தத் தடவையும் அவன் ஏறலேன்னா நான் வேலையை விட்டுட்டு வந்துடறேன் அக்கா. அவன் இல்லாம என்னால இங்க இருக்க முடியல" என்று சித்தி காலையில் போனில் அழுதாள். அந்த வேலைக்காகச் சித்தி எவ்வளவு படித்தாள் என்பது பம்பரத்துக்குத் தெரியும். சமையல் செய்யும்போதுகூடப் புத்தகத்தை உப்பு டப்பாமேல் சாய்த்து வைத்துப் படிப்பாள்.

"உசரம்னா பயம் அவனுக்கு" என்றார் சித்தப்பா. "அதான். ஜன்னலை மூடிடலாம்."

"கண்ணைக் கட்டி விட்டுடலாமா?" என்றார் அப்பா.

"வாயில மிட்டாயப் போட்டுடலாம்" என்றாள் அம்மா.

ஏன் கத்தினாய் என்று கடுகிடம் யாரும் கேட்காமல் இல்லை. ஆளாளுக்குக் கேட்டார்கள். ஆனால் கேட்டுவிட்டு, அவன் வாயைத் திறப்பதற்குள் "ஒண்ணும் ஆகாதுடா, பயப்படக் கூடாது" என்று அவர்களே பதிலும் சொல்லிவிட்டார்கள். அப்புறம் அவன் எதற்கு வாயைத் திறக்கப் போகிறான்?

*

பம்பரம் அண்ணனுடைய அறைக்குள் நுழைந்தாள். அண்ணனுக்குப் பதினான்கு வயது. வீட்டில் அவனுக்குப் பெயர் கேப்டன். அந்தப் பெயரை அவனே தனக்கு வைத்துக்கொண்டான் என்பது வேறு விஷயம். அவனுடைய கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் இருந்தது. மேஜைமேல் ஜாய்ஸ்டிக், மேஜைக்கு அடியில் காலால் மிதிக்கும் இரண்டு பெடல்கள். இந்தப் பிறந்தநாளுக்கு அந்த சிமுலேட்டரோடு சேர்த்துக்கொள்ள ஒரு புது பயணிகள் விமானம் வாங்கியிருந்தான்.

அது சாதாரண விமானம் இல்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு சுவிட்சும் வேலை செய்யும். மழை பெய்தால் ஜன்னலில் தண்ணீர் பின்பக்கமாக ஓடும். நிஜ விமானத்தில் மைக் வைத்துப் பதிவு செய்த சத்தங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த விமானம் எதையும் மறக்காது. இன்று தடாலென்று தரையிறக்கினால், நாளைக்குச் சக்கரம் தேய்ந்திருக்கும். விளக்கை அணைக்காமல் விட்டால், அடுத்த நாள் பேட்டரி செத்திருக்கும். இந்த விஷயத்தில் அது அம்மாவைப் போல.

"எப்பண்ணா பறக்கும்?" என்றாள் பம்பரம்.

"இப்பதான் பேட்டரியவே போட்டிருக்கேன்" என்றான் கேப்டன், இருட்டான காக்பிட்டைப் பார்த்தபடி.

"ஒரே பட்டன்ல ஸ்டார்ட் ஆகாதா?"

"நிஜத்துல அப்படி ஒரு பட்டன் இருக்கா?"

கேப்டனிடம் எதைக் கேட்டாலும் இதுதான் பதில். சாவியைத் திருப்பினோமா, கிளம்பினோமா என்று இல்லாமல், ஒரு சுவிட்ச், அப்புறம் காத்திருப்பு, அப்புறம் இன்னொரு சுவிட்ச். பார்த்துக்கொண்டிருக்கும் பம்பரத்துக்கு உள்ளங்காலில் எறும்பு ஊறுவது போல இருக்கும்.

அவளை அந்த விமானத்தைத் தொட அவன் விடுவதில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. போன மாதம் கேப்டன் டியூஷன் போயிருந்தபோது, பம்பரம் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைக் கடைசிவரை தள்ளி, எஞ்சின் சிவப்பு விளக்கு காட்டக் காட்ட, ஊரைச் சுற்றி விரட்டு விரட்டு என்று விரட்டினாள். திரும்பி வந்து பார்த்தவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். சிமுலேட்டரில் 'எல்லாவற்றையும் சரிசெய்' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கியிருந்தால் எஞ்சின் புத்தம் புதிதாகியிருக்கும். ஆனால் நம் கேப்டன் அமுக்குவானா? நிஜத்தில் அப்படி ஒரு பட்டன் இருக்கிறதா என்ன?

மேஜைக்கு அடியில், பெடல்களுக்குப் பக்கத்தில், கடுகு உட்கார்ந்து பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தான். பெரியவர்கள் தேடி வராத ஒரே இடம் அதுதான்.

"சரி, சாமான் ஏத்துற கதவ மூடுறேன்" என்று கேப்டன் ஒரு சுவிட்சை அழுத்தினான்.

ஸ்பீக்கரிலிருந்து சத்தம் வந்தது. கர்ர்ர்... கர்ர்ர்... கர்ர்ர்... யாரோ ரம்பத்தால் எதையோ அறுப்பது போல.

'டங்' என்று மேஜை குலுங்கியது. கடுகு எழுந்த வேகத்தில் அவன் தலை மேஜையில் இடித்திருந்தது. பிஸ்கட் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அறையை விட்டு ஓடியே போய்விட்டான்.

"இவனுக்கு என்ன ஆச்சு?" என்றான் கேப்டன்.

பம்பரம் அதற்குள் அவன் பின்னால் ஓடியிருந்தாள்.

*

கடுகு வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கியிருந்தான். பம்பரம் அவனை வெளியே இழுக்கவில்லை. தானும் எப்படியோ நுழைந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கால் ஆடியது. அவன் காலும் ஆடியது.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்கும் இந்தச் சத்தம்தானா?" என்றாள் பம்பரம்.

கடுகு தலையாட்டினான்.

"உசரம் இல்லியா?"

"உசரமா?" கடுகு அவளை ஒரு மாதிரி பார்த்தான். "நாங்க தரையிலதானக்கா இருந்தோம்."

அட! பம்பரத்துக்குச் சிரிப்பு வந்தது. விமானம் ஒரு அடிகூட நகரவில்லை. உயரத்துக்குப் பயந்தான் என்று இத்தனை பெரியவர்கள் எப்படித்தான் முடிவு செய்தார்களோ!

அவள் வேறெதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் போல நாக்கு துறுதுறுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்போது கடுகே பேசினான்.

"கீழ யாரோ மாட்டிக்கிட்டாங்கக்கா. வெளிய வர்றதுக்கு அறுக்குறாங்க. நான் அப்பாகிட்ட சொன்னேன். 'ஒண்ணும் இல்லடா'ன்னுட்டாரு. யாருமே இறங்கிப் பாக்கல."

"அதுக்குத்தான் கதவுகிட்ட ஓடினியா? அவங்களக் காப்பாத்தவா?"

"ஆமா." கொஞ்சம் யோசித்தான். "பயந்தும்தான் ஓடுனேன்."

இத்தனை நாளாக இவனை எல்லோரும் பயந்தாங்கொள்ளி என்றார்கள். இவனோ கீழே மாட்டிக்கொண்டதாக நினைத்த ஒருவருக்காகவும் கவலைப்பட்டுக்கொண்டு, அதை யாரும் காதில் வாங்காததால் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஒரு வாரம் சுற்றியிருக்கிறான்.

"வா" என்று பம்பரம் எழுந்தாள். எழும்போது தண்ணீர்க் குழாயில் முழங்கையை இடித்துக்கொண்டாள். "இறங்கிப் பாத்துடுவோம்."

"எங்க?"

"அண்ணன் விமானத்துலதான்."

*

"கீழயா?" என்றான் கேப்டன். "இறங்கிப் பாக்கலாம்தான். விமானத்தச் சுத்தி நடக்குற வசதி இருக்கு. ஆனா யாரு போவா? விமானம் வாங்குறவன் காக்பிட்டத்தான் பாப்பான்."

"செஞ்சவங்க செஞ்சு வெச்சிருக்காங்கல்ல? போண்ணா."

திரையில் படிக்கட்டு தெரிந்தது. இறங்கினார்கள். பெரிய சக்கரங்கள், எண்ணெய்க் கறை, வயிற்றுப் பகுதியில் ஆணி ஆணியாக அடித்த தகடுகள். சாமான் கதவைத் திறந்து கேப்டன் உள்ளே நுழைந்தான். அங்கே பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒரு சைக்கிள்கூட இருந்தது.

"அந்த மூலையில?" என்றான் கடுகு.

கேப்டன் அந்த மூலைக்குப் போனான்.

"பெட்டிக்குப் பின்னால?"

பெட்டிக்குப் பின்னாலும் போனான். யாரும் இல்லை.

"அப்ப யாரு அறுக்குறது?"

கேப்டன் வெளியே வந்து, சக்கரம் மடங்கி உள்ளே போகும் பள்ளத்துக்குள் பார்வையைத் திருப்பினான். அங்கே குழாய்களுக்கு நடுவில் வாளி அளவில் ஒரு பம்ப் இருந்தது. "இதான். கதவு, சக்கரம் எல்லாத்தையும் கையால அசைக்க முடியுமா? இது எண்ணெய அழுத்தித் தள்ளும். அந்த அழுத்தத்துல எல்லாம் அசையும். அப்ப வர்ற சத்தம் இது."

"நான் அமுக்கவா?"

கேப்டன் தயங்கினான். அவனுடைய விமானத்தின் சுவிட்சை அடுத்தவர் தொடுவதா? பம்பரம் முறைத்தாள். அவன் மவுஸைக் கொடுத்தான்.

கடுகு அமுக்கினான். கர்ர்ர்... கர்ர்ர்... விட்டான். அமைதி. மறுபடி அமுக்கினான். கர்ர்ர்... விட்டான். அப்புறம் அவன் விடவே இல்லை. கூடத்திலிருந்து அம்மா, "அங்க என்னத்தடா அறுக்குறீங்க?" என்று கத்தும்வரை அமுக்கிக்கொண்டே இருந்தான்.

"யாரும் இல்ல" என்றான் கடைசியில். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. ஆனால் உடனே மறுபடி சுருங்கியது. "வேற சத்தம் வந்தா?"

கேப்டன் 'அவ்வளவுதான்' என்று திரும்பிக்கொள்ளப் போனான். பம்பரம் விடவில்லை. நியாயமான கேள்விதானே? விமானத்தில் ஒரு சத்தமா வருகிறது?

"எல்லாச் சத்தத்தையும் கேட்டுடுவோம்" என்றாள். "கிளம்புறதுலேருந்து இறங்குற வரைக்கும். இன்னிக்கே. அண்ணா, நீ ஓட்டு. ஆனா இவன் காக்பிட்ல உக்கார மாட்டான். நாளைக்கு எங்க உக்காருவானோ அங்கதான் உக்காருவான்."

*

அரைமணி நேரத்தில் அறை விமானமாகிவிட்டது. கேப்டனுக்குப் பின்னால் இரண்டு சாப்பாட்டு நாற்காலிகள். அப்பாவின் பெல்ட்டுகள் சீட் பெல்ட்டுகளாயின. கூடத்திலிருந்து சின்ன டிவியைத் தூக்கிவந்து ஒரு பக்கத்தில் வைத்தார்கள். ஒயரை இழுத்துச் செருகியதும், இறக்கைக்குப் பக்கத்து ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி அதில் வந்தது.

"அட, சீட் துணியில தையல்கூடத் தெரியுது" என்றான் கேப்டன். சொந்த விமானத்தின் இந்தப் பக்கத்தை அவன் பார்த்ததே இல்லை.

பம்பரம்தான் ஏர்ஹோஸ்டஸ். அது அவளுக்கென்றே செய்த வேலை. உட்காரவே வேண்டாம். தட்டில் பிஸ்கட்டோடு அறைக்குள் நடையாக நடந்தாள். நடந்துகொண்டே ஒவ்வொரு சத்தத்தையும் அது வருவதற்கு முன்பே சொன்னாள். எதற்கடுத்து எது வரும் என்பது அவளுக்கு மனப்பாடம். பார்த்துப் பார்த்துச் சலித்தவளாயிற்றே!

"இப்ப அறுக்குற சத்தம்."

கர்ர்ர்... கடுகு சிரித்தான்.

"இப்ப 'ஊஊ'ன்னு எஞ்சின் வரும். இப்ப குலுங்கும், ரோடு மாதிரி. இப்ப முதுகு சீட்ல ஒட்டிக்கும். போச்சு, பறந்தாச்சு! இப்ப அடியில 'டொக்'னு ஒண்ணு கேக்கும். அது சக்கரம் உள்ள போறது."

டொக்.

"இப்ப சத்தம் குறையும். எஞ்சின் நின்னுடுச்சுன்னு நினைக்காத. மாடிப்படி ஏறி முடிச்சா நாம மெதுவா நடப்போம்ல, அந்த மாதிரி."

சத்தம் குறைந்தது. ஜன்னலில் மேகம் வந்தது. கடுகு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு, "அடுத்து?" என்றான்.

அடுத்து வந்ததை ஏர்ஹோஸ்டஸ் சொல்லவில்லை. அவளுக்கே தெரியாது.

டமால்!

மணி விடாமல் அடித்தது. காக்பிட்டில் சிவப்பு விளக்குகள் எரிந்தன. ஜன்னலில் தெரிந்த இறக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எஞ்சினிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

பம்பரத்துக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த எஞ்சின்! போன மாதம் அவள் விரட்டு விரட்டு என்று விரட்டிய அதே எஞ்சின். விமானம் எதையும் மறக்காது. அவள்தான் மறந்துவிட்டாள்.

கடுகின் கையிலிருந்த பிஸ்கட் கீழே விழுந்தது. அவன் கை பெல்ட்டுக்குப் போனது.

கேப்டனின் கை கீபோர்டுக்குப் போனது. பழுது வந்தால் அவன் எப்போதும் இதைத்தான் செய்வான். ஆட்டத்தை மூடிவிட்டு, முதலிலிருந்து தொடங்குவான். நிஜம், நிஜம் என்று ஊரெல்லாம் சொல்கிறவன், ஒரு எஞ்சினோடு ஒரு தடவைகூட இறக்கியதில்லை. இது பம்பரத்துக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

அவள் பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள்.

"மூடாதண்ணா!"

"விடு! பையன் பயப்படுறான்."

"இப்ப மூடினா இவன் மனசுல அது எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். இறக்குண்ணா."

"எனக்கு வராதுடி!"

"நிஜத்துல அப்படி ஒரு பட்டன் இருக்கா?"

கேப்டனுடைய பேச்சே அவனைத் திருப்பி அடித்தால் அவன் என்ன செய்வான்? கையை எடுத்து ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தான். காலால் பெடலை அழுத்தி மிதித்து, ஒரு பக்கமாக இழுத்த விமானத்தை நேராக்கினான். பழுதான எஞ்சினுக்குப் போகும் எரிபொருளை நிறுத்தினான். மணி நின்றது.

பம்பரத்துக்கு அறையைச் சுற்றி ஓட வேண்டும் போல இருந்தது. சுவரைப் பிறாண்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் ஏர்ஹோஸ்டஸே ஓடினால் பயணி என்ன நினைப்பான்? அவள் கடுகுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பாவின் பெல்ட்டை இடுப்பில் மாட்டினாள். ஆடிய காலின்மேல் இன்னொரு காலைப் போட்டு அழுத்தினாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அசையவே இல்லை.

"என்னக்கா ஆச்சு?" என்றான் கடுகு.

ஒன்றும் இல்லைடா என்று சொல்ல வாய் வந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

"ஒரு எஞ்சின் கெட்டுப்போச்சு. நான் முன்னாடி கன்னாபின்னான்னு ஓட்டினேன், அதனால. இன்னொரு எஞ்சின் நல்லா இருக்கு. அண்ணன் திரும்பி இறக்கப் போறான்."

"ஒண்ணு போதுமா?"

"போதும்" என்றான் கேப்டன் திரும்பாமல். அவன் கழுத்தில் வியர்வை ஓடியது. "அதுக்குத் தகுந்த மாதிரிதான் செஞ்சிருக்காங்க. பெரிய விமானிங்க எல்லாம் இதத் திரும்பத் திரும்பப் பழகிட்டுதான் வருவாங்க. நான்தான் பழகல."

இந்தக் கடைசி வார்த்தையைச் சொல்ல கேப்டனுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்!

ஜன்னலில் மேகம் விலகியது. வீடுகள் தெரிந்தன. கடுகு அக்காவின் விரல்களை இறுக்கினான். பெல்ட்டைக் கழற்றவில்லை. மீண்டும் 'டொக்' கேட்டது.

"சக்கரம் வெளிய வருது" என்று கடுகே சொன்னான்.

ரன்வே நெருங்கியது. கொஞ்சம் இடப்பக்கம் போனது. கொஞ்சம் வலப்பக்கம் வந்தது. தடால்! ஒரு குதி. இன்னொரு குதி. அப்புறம் உருண்டு, உருண்டு, நின்றது.

கேப்டன் ஜாய்ஸ்டிக்கை விடாமல் பிடித்தபடியே இருந்தான்.

"அவ்ளோதானா?" என்றான் கடுகு.

*

மணிச் சத்தம் கேட்டுப் பெரியவர்கள் வந்து அறை வாசலில் நின்றிருந்தார்கள். டிவியில் புகை விடும் இறக்கை இன்னும் தெரிந்தது. நாற்காலியில் பெல்ட் போட்டுப் பிள்ளை உட்கார்ந்திருந்தான். இதைப் பார்த்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

"நாளைக்கு ஏறப்போற பிள்ளைக்கு இன்னிக்கு எஞ்சின் எரியிறதக் காட்டுறீங்களே, புத்தி இருக்கா?" என்று அம்மா வெடித்தாள்.

"போச்சு, இனிமே ஏறின மாதிரிதான்" என்று சித்தப்பா சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அவன் கீழ யாரோ மாட்டிக்கிட்டதா நெனச்சு..." என்று பம்பரம் ஆரம்பித்தாள்.

"ஒரு வார்த்தை பேசாத!"

கடுகும் ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே விழுந்த பிஸ்கட்டை எடுத்து, ஊதி, வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவன் மனதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பம்பரத்துக்கும் தெரியவில்லை. அதுதான் அவளை வாட்டியது.

*

மறுநாள் காலை அப்பா ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு, "என் பெல்ட் எங்க?" என்று வீடெல்லாம் தேடினார். கடுகு பம்பரத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தான். அது நல்ல சிரிப்பா, சும்மா சிரிப்பா? யோசிப்பதற்குள் பள்ளி வேன் வந்துவிட்டது.

வகுப்பில் பம்பரம் பென்சிலை உருட்டினாள். பென்சில் விழுந்தது. எடுத்தாள். ஜன்னலைப் பார்த்தாள். எங்கோ ஒரு விமானம் போகும் சத்தம் கேட்டால் போதும், பாதி எழுந்துவிடுவாள்.

"நாற்காலியில என்ன முள்ளா இருக்கு?" என்றார் கணக்கு டீச்சர்.

"இல்ல டீச்சர். மனசுல இருக்கு."

வகுப்பு சிரித்தது. பம்பரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் இப்போது கத்திக்கொண்டு கதவுக்கு ஓடிக்கொண்டிருந்தால்? அந்தப் புகை ஞாபகம் வந்திருந்தால்? சித்தி வேலையை விட்டுவிட்டு வந்தால், அது பம்பரம் விரட்டிய எஞ்சினால்தானே?

மாலையில் வேன் நிற்பதற்குள் குதித்து இறங்கினாள். செருப்பைக் கழற்றக்கூட இல்லை. அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள். கண்ணில் தண்ணீர்.

அம்மா போனை நீட்டினாள். "உங்கிட்டதான் பேசணுமாம்."

"அக்கா!" கடுகின் குரல். பின்னால் சித்தி சிரிப்பது கேட்டது. "அம்மா பலூன் வாங்கிட்டு வந்தாங்க. பழைய பலூன் வெடிச்சிருச்சாம், இது புதுசு."

பம்பரம் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். கேப்டன் ஓடிவந்து போனில் காதை ஒட்டினான்.

"சத்தம் வந்துச்சாடா?"

"வந்துச்சு! அறுக்குற சத்தம் பெருசா வந்துச்சு. பக்கத்து சீட்ல ஒரு பெரிய மீசை மாமா. அவரு சீட்டக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாரு. நான் அவருகிட்ட சொன்னேன். 'அது பம்ப் மாமா. கீழ யாரும் மாட்டிக்கல. நாங்க இறங்கிப் பாத்துட்டோம்'னு."

"அதுக்கு அவரு?"

"அடுத்து என்ன சத்தம் வரும்னு கேட்டுக்கிட்டே வந்தாரு. நான் எல்லாம் சொன்னேன். இறங்கும்போது எனக்குக் கை குடுத்தாரு." அப்புறம் இழுத்தான். "ஆனா ஒண்ணுதான்க்கா."

"என்னடா?"

"கடைசி வரைக்கும் ரெண்டு எஞ்சினும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஒண்ணுகூட நிக்கல." கடுகு பெருமூச்சு விட்டான். "நம்ம விமானம்தான் நல்லா இருந்துச்சு."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அன்று யாரையும் திட்டவில்லை, செருப்போடு கூடத்தில் உட்கார்ந்திருந்தவளைக்கூட.

கேப்டன் தன் அறைக்குப் போனான். பம்பரமும் பின்னால் போனாள். இருட்டான காக்பிட் திரையில் வந்தது. நிஜத்தில் செய்வது போலவே, கெட்டுப்போன எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறு எஞ்சினை மாட்டியிருந்தான்.

"ஒரு எஞ்சினோட இறக்குறத இன்னும் நல்லாப் பழகணும்" என்றான் கேப்டன். அப்புறம் தன் நாற்காலியில் பாதியை விட்டுத் தள்ளி உட்கார்ந்தான். "நீயும் பழகு. பேட்டரி சுவிட்ச் எதுன்னு தெரியும்ல?"

பம்பரம் உட்கார்ந்தாள். பேட்டரி சுவிட்சைப் போட்டாள். அப்புறம் அடுத்தது, அதற்கடுத்தது. எஞ்சின் இரண்டும் 'ஊஊ' என்று கிளம்பும்வரை அவள் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. கால் மட்டும் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது.